ஏட்டையா போட்ட வரிசை

"பிடித்துவைத்தல்!" என்று நடுவர் மறுபடியும் கையைத் தூக்கியபோது, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது பெனிட்டாவுக்கு. அவள் பிடித்தே வைக்கவில்லை. வளையம் கையில் பட்டதும் விட்டெறிந்துவிட்டாள், கையுறைக்குள் விரல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் சிவகங்கையில் தன் வீட்டுக் கூடத்தில் நின்று ஆடிய எதிராளிக்கு, வளையம் பெனிட்டாவின் கையிலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு மூச்சு தாமதித்து, அப்புறம் மனசில்லாமல் கிளம்பியதாகத் தெரிந்தது. நடுவருக்கும் அப்படியே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும்தான்.

வளையப்பந்தில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. வலைக்கு மேலே ரப்பர் வளையம் வரும், ஒரு கையால் பிடிக்கவேண்டும், பிடித்த கையாலேயே பிடித்த வேகத்தில் திருப்பி எறியவேண்டும். கையில் வைத்துக்கொண்டு எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று நோட்டம் விட்டு எறிகிறவளைக் கள்ளி என்பார்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்காக ஆடிய காலத்தில் பெனிட்டாவுக்குச் சூட்டுக்கை என்று பெயர். வளையம் அவள் கையில் சுட்டுக்கொண்டு ஓடிவிடுமாம். அந்தச் சூட்டுக்கைக்காரிக்கு நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் வலிக்குமா வலிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் வளையப்பந்துக்கு மைதானம் வேண்டாம். கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளி, கேம் பெட்டியைப் போட்டு, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டால் போதும், எதிரே வலை நிற்கும், அதற்கு அந்தப்பக்கம் வேறு ஊர்க்காரி நிற்பாள். மாநில மகளிர் லீக்கில் பெனிட்டா இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டாள். சிவகங்கைக்காரியைத் திக்கித் திணறித்தான் ஜெயித்தாள். பார்வையாளர்கள் ஏசின ஏச்சில் ஜெயித்த சந்தோஷமே இல்லை. பெனிட்டா அக்கா வளையத்தை அடகு வைத்து மீட்டுத்தான் திருப்புவார்கள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களை எண்ணி மாளாது. மறுநாள் லீக்கிலிருந்து எச்சரிக்கை வந்தது. இறுதி ஆட்டத்திலும் இதே புகார் எழுந்தால், வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு ஆயுளுக்கும் பெயரை நீக்கிவிடுவார்களாம்.

பெனிட்டா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மெஷின் மக்கர் பண்ணினால் ஆள் வரும்வரை காத்திருக்கிற ரகம் இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டு ரவுட்டரோடு மல்லுக்கு நின்றாள். சமையலறைச் சுவரிலிருந்த அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். காற்றில் போகிற இணைப்பு வேண்டாம் என்று கேபிள் இழுத்துக் கேம் பெட்டியில் சொருகினாள். பெட்டிக்கு மாறாத முகவரி ஒன்று கொடுத்தாள். வெளியூர் ஆட்டக்காரர்கள் தட்டினால் திறக்கிற மாதிரி அதற்கென்று தனிக் கதவைத் திறந்துவிட்டாள். சோதித்துப் பார்த்தால் எல்லாம் பச்சை. வீட்டில் ஆள் இல்லாத மத்தியானத்தில் வளையம் சிட்டாகப் பறந்தது. சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும் பழைய குருடிதான், கதவைத் திறக்கவே மாட்டேன் என்றது.

எல்லோரும் என்றால் மூன்று பேர். கணவன் ஜோஸ்வின் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ஆனால் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி, சாயங்கால ஷிப்டில்தான். மகள் ஜியானா கல்லூரி கடைசி வருஷம். மாமனார் ஆல்வின் ஓய்வுபெற்றவர், சாயங்காலமானால் முப்பரிமாணப் பிரசங்கத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். ரவுட்டருக்கு ஏட்டையா என்று பெயர் வைத்தவர் அவர்தான். முச்சந்தியில் நின்று இவன் போகலாம், நீ நில் என்று கைகாட்டுகிற வேலையைத்தானே அதுவும் பார்க்கிறது என்பார்.

அந்த வேலையில்தான் சிக்கல். வேகம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, ஆனால் உடனடிப் பாதை என்பது வீட்டுக்கு ஒன்றே ஒன்று. கிரேன், ஆபரேஷன், பந்தயம் மாதிரி கண்சிமிட்டும் நேரம்கூடத் தாமதிக்கக்கூடாத சங்கதிகளுக்கு அது. யாருக்கு அதைக் கொடுப்பது என்று முன்பெல்லாம் மனிதர்கள் எழுதி வைத்தார்கள், வீடுதோறும் அடிதடி. அதனால் அப்படி எழுதுகிற பக்கத்தையே ரவுட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ரவுட்டரே வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. கைக்கடிகாரம், அடுப்பு, வெந்நீர்க் குழாய், சாப்பாட்டு மேசை எல்லாவற்றோடும் அதற்குப் பேச்சுவார்த்தை உண்டு. நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், உங்கள் வீட்டுக்கு எது முக்கியம் என்று அதற்கே தெரியும் என்றுதான் விளம்பரத்திலும் சொன்னார்கள்.

ஜோஸ்வின் நல்லவன். விஷயம் கேட்டதும், அடுத்த பயிற்சி ஆட்டத்தின்போது எல்லோரும் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்றான். அப்படியே அணைத்துவிட்டு, எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல மூன்று பேரும் சோபாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் வளையம் கையில் ஒட்டியது. பெனிட்டாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. எல்லோரும் எழுந்து போனபிறகு ஏட்டையாவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாருமே உபயோகிக்கல. பிறகு யாருக்காக வச்சிருக்க அந்தப் பாதைய?"

ஏட்டையா எப்போதும் புத்தகத்தமிழ்தான் பேசும். "அவர்கள் எந்த நேரமும் கேட்கலாம். இன்னும் சாப்பிட வராதவருக்குச் சோறு எடுத்துவைப்பது இந்த வீட்டின் வழக்கம். அதைப்போல எடுத்துவைத்திருக்கிறேன்."

"நான் பசியோட நிக்கேன், எனக்குக் குடுக்கலாம்லா?"

"நீங்கள் வரிசையில் ஆறாவது."

வீட்டில் இருப்பதே நாலு பேர் என்றாள் பெனிட்டா. நாலாவது ஃப்ரிட்ஜ், ஐந்தாவது தரை கூட்டும் ரோபோ என்றது ஏட்டையா. ரோபோ வரும்போது வீட்டில் காலைத் தூக்கி வழிவிடுகிறவர் அவள் ஒருத்திதானாம், மற்றவர்கள் அப்படியே இருப்பார்களாம், ரோபோதான் சுற்றிக்கொண்டு போகுமாம். ஆகவே ரோபோ அவளுக்கு மேலே, மற்றவர்களுக்குக் கீழே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் இதோ கட்டளை போடுகிறேன், என்னை முதலில் வை என்றாள்.

"இதற்கு முன்பும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும், பரவாயில்லை, அவர்களுக்கே கொடுத்துவிடு என்று நீங்களே திருப்பிக்கொண்டீர்கள். அதனால் நீங்கள் கேட்பதை நான் வேண்டுகோளாக எடுத்துக்கொள்வதில்லை."

"யார் ஒனக்கு இதெல்லாம் படிச்சுக் குடுத்தது?"

"நீங்கள்தான். இந்த வீட்டில் நான் அதிகம் கற்றது உங்களிடம்."

ஜோஸ்வின் சொல்லிக்கொடுத்திருந்தால் அவனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு ஆறியிருப்பாள். மாமனார் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாவது திரிந்திருப்பாள். பாடம் நடத்தின டீச்சர் தானே என்றால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? குளிக்க நிற்கும்போது மகள் ஓடிவந்தால் விலகினது, மின்சாரம் குறைந்த நாளில் தன் அறை ஏசியை அணைத்தது, மீன்குழம்பில் நடுத்துண்டு போனபிறகு வாலைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, வால்தான் ருசி என்று சொன்னது, எல்லாவற்றையும் இந்தச் சுவர்ப்பெட்டி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. வால் ஒன்றும் அவ்வளவு ருசி இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மாற்றுவதற்கு என்ன வழி என்று கடைசியில் கேட்டாள். சொன்னால் மாறாது, பார்த்தால்தான் மாறும் என்றது ஏட்டையா.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம் நெய்மீன் குழம்பு. எல்லோரும் கை கழுவ எழுந்திருக்கும் முன்பே பெனிட்டா மேசையில் உட்கார்ந்து, நடுத்துண்டை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் வந்து நின்று பார்த்தார்கள். மாமனார் மட்டும் அருகில் வந்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையாம்மா என்று மெதுவாக விசாரித்தார். மீனைத் தலை நிமிராமல் அவசரமாக விழுங்கிவைத்தாள். அன்று சாயங்காலமும் வளையம் ஒட்டியது.

ஏட்டையாவிடம் போய்ச் சண்டை பிடித்தாள். தட்டில் மீன் இருந்ததைப் பார்த்தேன், ஆனால் கைக்கடிகாரம் சொன்ன நாடித்துடிப்பு திருடுகிறவருடையது என்றது அது. தனக்குரியதை எடுத்துக்கொள்கிறவருக்கு அப்படித் துடிக்காதாம். அட சண்டாளப் பெட்டியே என்று பெனிட்டா வாய்விட்டுத் திட்டினாள்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய கூத்து. குளியலறையில் நிதானமாகக் குளிக்கப் பழகினாள். வெளியே ஜியானா கதவைத் தட்டுவாள், இவள் உள்ளே சோப்பை இன்னொரு தடவை போட்டுக்கொள்வாள். சூடான தோசையை அடுப்பிலிருந்து நேரே தன் தட்டுக்கு இறக்கினாள். ரோபோ வந்தால் காலைத் தூக்காமல் பல்லைக் கடித்தாள், அது வந்து வந்து பெருவிரலில் முட்டிற்று. ஏட்டையா குழம்பிப் பாதையை ஒரு நிமிஷம் இவளுக்கு மாற்றியதில், மாமனாரின் பிரசங்கம் ஒருநாள் பாதியில் உறைந்துபோய், போதகர் வாயைத் திறந்தபடி நின்றார். மாமனார் அன்று ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பெனிட்டாவுக்கு அவரைச் சமாதானம் பண்ண ஓடவேண்டும்போல் இருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோஸ்வின் ஒருநாள், முகம் வாடிப்போய், நாங்கள் அப்படியா உன்னை வைத்திருக்கிறோம் என்று கேட்டான். இல்லை, நான் என்னை அப்படி வைத்திருந்தேன், நீங்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டீர்கள் என்றாள். இரண்டும் உண்மை என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததால் அன்று பேச்சு அதோடு நின்றது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் கூட்டமான கூட்டம், நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு வந்தாள். கொலைப்பசி. பானையைத் திறந்து சோறு போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவித்த முட்டையை உடைத்து, உண்டு முடித்து விரலைச் சப்பும்போதுதான், எதிரே ஜோஸ்வினும் ஜியானாவும் வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது என்று கவனித்தாள். யாரைப் பற்றியும் நினைக்காமல் ஒரு சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். ரோபோ சமையலறையிலிருந்து வந்தது. அவள் காலருகே வந்ததும் நின்றது, சுற்றிக்கொண்டு போயிற்று. பெனிட்டா எச்சில் கையோடு எழுந்து ஒரு குதி குதித்தாள். பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. அடுத்த வாரம் ஜியானாவுக்கு வேலைக்கான நேர்முகம். அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாதை எப்போதும்போல் தனக்குக் கிடைக்கும் என்று நினைத்துவிட்டாள். கூடத்தில் பெனிட்டா பயிற்சியில் இருந்தாள். உள்ளே மகள் சொன்ன பதிலெல்லாம் தாமதமாகத் தாமதமாகப் போய், கேட்டவர்கள் இவள் யோசித்து இழுக்கிறாள் என்று எண்ணிவிட்டார்கள். வெளியே வந்து, உன் விளையாட்டால்தான் எல்லாம் போச்சு என்று ஓவென்று அழுதாள். இனி எல்லாம் நீயே வைத்துக்கொள் என்ற வார்த்தை பெனிட்டாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்தினாள்.

"அவசரம்னா முன்னாடியே எங்கிட்ட கேளு, மனசாரத் தாரேன். ஆனா கேக்காம எடுத்துக்கிட முடியாது, ஜியா. இனிமே முடியாது."

ஜியானா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் பாதை கிடைக்குமா என்று வந்து கேட்டாள். பெனிட்டா சந்தோஷமாகக் கொடுத்தாள். ஏட்டையா அதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்று பயம்தான். அவள் இடம் கீழே இறங்கவில்லை.

இறுதி ஆட்டம் ஞாயிறு சாயங்காலம். எதிராளி கோபிச்செட்டிப்பாளையம் தன்ஷிகா. இடுப்புவரை தொங்கும் பின்னல், சிரிக்காத முகம், வளையத்தை விசிறிமட்டை மாதிரி கிடையாக விடுவாள். கோட்டில் விழும்போதுதான் அது எங்கே போகிறது என்று தெரியும். முதல் செட் அவளுக்கு, இரண்டாவது பெனிட்டாவுக்கு. நடுவர் ஒருதடவைகூடப் பெனிட்டாவுக்குக் கையைத் தூக்கவில்லை. அடகுக்கடைக் கூட்டம் வாயடைத்துக் கிடந்தது.

மூன்றாவது செட் நடுவில் ஜோஸ்வின் கூடத்து வாசலில் வந்து நின்றான். கப்பல் ஒன்று முன்னாலேயே வந்துவிட்டதாம், துறைமுகத்தில் கூப்பிடுகிறார்களாம், பாதையைக் கொஞ்சம் விடமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பெனிட்டா வலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு முடியாதுங்க."

சத்தம் ஏறவில்லை, நாடியும் ஏறவில்லை. ஜோஸ்வின் போனை எடுத்து, இன்றைக்கு எங்கள் வீட்டில் பாதை காலி இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். மாமனாரும் பிரசங்கத்தை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்.

பெனிட்டா இருபது, தன்ஷிகா பத்தொன்பது. இன்னும் ஒரே புள்ளி. பெனிட்டா இடப்பக்க மூலைக்கு எறிந்தாள். தன்ஷிகா பாய்ந்து பிடித்தாள். பிடித்த வளையம் அவள் கையிலேயே நின்றது. ஒரு மூச்சு நின்று, அப்புறம் மனசில்லாமல் கிளம்பி வந்தது.

"பிடித்துவைத்தல்!" நடுவர் கை மேலே போயிற்று. புள்ளி, ஆட்டம், கோப்பை எல்லாம் பாளையங்கோட்டைக்கு. ஜோஸ்வின் துள்ளி எழுந்தான். ஜியானா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பெனிட்டா அசையவில்லை. வலைக்கு அந்தப்பக்கம் தன்ஷிகா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை பெனிட்டாவுக்கு அத்துபடி. அங்கே யாரோ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாதையைக் கேட்டுக்கூட இருக்கமாட்டார்கள்.

பெனிட்டா நடுவரைக் கூப்பிட்டு, அந்தப் புள்ளி வேண்டாம், அதை மட்டும் மறுபடி ஆடவிடுங்கள் என்றாள். விதியில் இடம் இருந்தது, புள்ளி பெற்றவள் கேட்டால் கொடுக்கலாம். ஜோஸ்வின் தலையில் கைவைத்துக்கொண்டான். காதுக்குள் ஏட்டையா கேட்டது, "மீண்டும் விட்டுக்கொடுக்கிறீர்களா? வரிசையை மாற்றிவிடவா?"

"இல்ல. நான் விட்டுக்குடுக்கல. அவள வெளையாடக் கூப்பிடுதேன்."

"நாடி சீராக இருக்கிறது. வரிசையில் மாற்றமில்லை" என்றது ஏட்டையா.

பெனிட்டா வலையருகே போனாள். "தன்ஷிகா, ஒங்க வீட்டுல யாரோ வந்துட்டாங்க. பாதை அவங்களுக்குப் போயிட்டு. எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு. கூசாம கேட்டு வாங்குங்க, நான் நிக்கேன்."

தன்ஷிகாவின் சிரிக்காத முகம் சிவந்தது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு எங்கோ பின்னால் திரும்பினாள். என்ன இருந்தாலும் அவள் குரல் நடுங்கத்தான் செய்தது. "ஏனுங்க, அதை இப்ப நிறுத்துங்க. எனக்கு வேணும். ஆமாங்க, எனக்குத்தான்." பதிலுக்கு ஓர் ஆண்குரல் ஏதோ முனகியது. தன்ஷிகா அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னாள், இந்தமுறை நடுக்கம் இல்லாமல். பிறகு வந்து கோட்டில் நின்றாள்.

அந்தப் புள்ளியை மறுபடி ஆடியபோது தன்ஷிகாவின் வளையம் வந்த வேகத்தில் பெனிட்டாவுக்குக் காற்றுத்தான் கையில் கிடைத்தது. இருபதுக்கு இருபது, இனி இரண்டு புள்ளி முந்தினால்தான் ஜெயம். கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாளே இந்த மனுஷி என்று மாமனார் முணுமுணுத்தார். பெனிட்டாவோ சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வளையத்தை அவள் இருபது வருஷமாகக் கண்டதில்லை. அடுத்த புள்ளிக்கு இரண்டு பேரும் விடாமல் அடித்துக்கொண்டார்கள், யார் கையிலும் வளையம் தங்கவில்லை, கடைசியில் தன்ஷிகாவின் முட்டிக்குக் கீழே அது நழுவி விழுந்தது. அதற்கடுத்த எறியைப் பெனிட்டா எறிந்தபோது அவளுக்கே தெரிந்துவிட்டது. வலையை உரசாமல், கோட்டை மட்டும் தொட்டு, படுத்துவிட்டது வளையம்.

சூட்டுக்கை, சூட்டுக்கை என்று யாரோ எழுத ஆரம்பிக்க, திரை முழுக்க அதே பெயர் ஓடியது. ஜோஸ்வின் அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இரண்டு பேரும் சோபாவில் விழுந்தார்கள். மாமனார் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்லமுடியவில்லை. நடுவர் பெயரை அறிவித்து, வாழ்த்தி, விடைபெற்றுப் போனார். பார்வையாளர்களும் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். வலை மட்டும் அப்படியே நின்றது. அந்தப்பக்கம் தன்ஷிகா போகவில்லை. வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

"அக்கா, இன்னொரு ஆட்டம் போடலாமுங்களா? சும்மாதான். புள்ளி கிள்ளி எதுவும் வேண்டாம்."

பெனிட்டா எழுந்து கையுறையைச் சரிசெய்தாள். காதுக்குள் ஏட்டையா தன் கடமையைச் செய்தது. "போட்டி முடிந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து மறுபடியும் அழைக்கிறார்கள். இனி அவசரம் எதுவும் உங்களுக்கு இல்லை. பாதையை விடுவிக்கலாமா?"

அவள் ஜோஸ்வினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாம்" என்றாள் பெனிட்டா. "இன்னும் எனக்கு வேணும்."

வளையம் வந்தது.